கிளுவை வேலியா, கல்கால் கம்பியா: தென்னந்தோப்பு எல்லைக்கு எது நிற்கும்?

கோபாலபுரம்_தோப்பு | மே 4
4 ஏக்கர் தென்னை, கோபாலபுரத்துக்கும் கேரள எல்லைக்கும் நடுவுல. கல்கால் நட்டு 5 வரி முள்கம்பி இழுத்துடலாம்னு இருக்கேன். உயிர்வேலி வைங்கன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. எனக்கு நம்பிக்கை இல்லை. வளர 3 வருசம், அதுக்குள்ள ஆடு தின்னு முடிச்சுடும். மீறி வளந்தா பாம்பு சேரும், மயில் முட்டை வைக்கும், பன்றி எப்படியும் நுழையும். வடக்கே இட்டேரி, தினமும் வெள்ளாட்டுப் பட்டி போற தடம். மேற்கே வெட்டவெளி, ஆடிக் காத்து நேரா மோதும். தெற்கே பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனம்) கிளை வாய்க்கால். கிழக்கே பக்கத்துத் தோப்பு. கம்பி போதும்ங்கறது என் கட்சி. இல்லைங்கறவங்க எந்தப் பக்கம் என்ன, எத்தனை, எப்பன்னு சொல்லுங்க. 'இயற்கைக்கு நல்லது'ன்னு மட்டும் சொல்லிட்டுப் போகாதீங்க.

மேட்டுக்காடு | மே 4, இரவு
நாலு பக்கமும் ஒரே வேலி வேணும்னு யாருங்க சொன்னது? ஒவ்வொரு பக்கத்துக்கும் தொந்தரவு வேற, செடியும் வேறதான் வரும்.

வடக்கில் இருந்து ஆரம்பிக்கறேன். ஆட்டுத்தடம்னா முள்கிளுவைதான். காங்கயம், தாராபுரம் பக்கம் கொரங்காட்டை (மேய்ச்சல் நிலம்) எல்லாம் சுத்தி நிக்கறது அதுதான். இப்ப, இலை இல்லாத காலத்துலயே போத்து (நடறதுக்கான கிளைத்துண்டு) வெட்டணும். மழை விழுந்து தளிர் விட்ட பிறகு வெட்டினா, இருக்கற சத்தெல்லாம் இலைக்குப் போயிடும், வேர் பிடிக்காது. பெருவிரல் தடிமனுக்குக் குறையாம, மணிக்கட்டுத் தடிமனுக்கு மிஞ்சாம, நாலரை அடி நீளம். அடி நுனியைச் சாய்வா வெட்டுங்க, தலை நுனியை நேரா வெட்டுங்க. கட்டு கலைஞ்சாலும் எது அடி எது தலைன்னு தெரியும். தலைகீழா நட்டது தேறாது.

வெட்டினதும் நடக்கூடாது. நிழல்ல 5, 6 நாள் கிடத்துங்க. வெட்டுவாய்ல பிசின் காஞ்சு மூடினாத்தான் மண்ணுக்குள்ள அழுகாம நிக்கும். தலை வெட்டுக்குச் சாணி அப்புங்க.

வடக்குப் பக்கம் எத்தனை அடி?

கோபாலபுரம்_தோப்பு | மே 5
600 அடி. ஆட்டுக்கு என்ன வழின்னு இன்னும் சொல்லலை.

மேட்டுக்காடு | மே 5
முக்கால் அடிக்கு ஒண்ணுன்னா 800 போத்து. காஞ்சு போறதுக்கு 200 சேர்த்து 1,000 வெட்டுங்க. அந்த 200ஐத் தோப்புக்குள்ளயே நிழலோரமா நெருக்கி நட்டு வைங்க. அடுத்த வருசம் சந்து அடைக்கறப்ப வேர் பிடிச்ச கன்றா கிடைக்கும்.

ஒரு அடி ஆழம், கடப்பாரையில குழி போட்டு இறக்கி, மண்ணை மிதிச்சு இறுக்கணும். கையால இழுத்தா அசையக்கூடாது. காத்துல ஆடற போத்துல புது வேர் அறுந்துக்கிட்டே இருக்கும். நேரா ஒண்ணு, சாய்வா ஒண்ணுன்னு பெருக்கல் குறி மாதிரி நட்டு, ரெண்டடி உயரத்துல பழைய தென்னங்கயிறால பிணைச்சு விடுங்க. கம்பியால கட்டாதீங்க. மரம் பருக்கறப்போ கம்பியை முழுங்கிடும், பின்னாடி கவாத்துக்கு அரிவாள் வைக்கறவன் பல்லு போகும். அரிவாள் பல்லைச் சொன்னேன்.

ஆட்டுக்கு: முதல் தளிரை ஆடு விடாது, அது உண்மை. அதனால முதல் ரெண்டு வருசம் இட்டேரி ஓரம் வேலாமுள்ளோ இலந்தை முள்ளோ வெட்டி அடைப்புப் போடணும். முள்ளோட அடிப்பகுதி உள்பக்கம், நுனி வெளிப்பக்கம். மேல கல்லு வைங்க, இல்லைன்னா காத்து உருட்டிடும். முள் கிடைக்கலைன்னா 15 அடிக்கு ஒரு கல்கால், 3 வரி கம்பி. நீங்க சொன்ன 5 வரி தேவையில்லை. அப்புறம் அந்தக் கல்லைப் பிடுங்கி வேற இடத்துக்குக் கொண்டு போயிக்கலாம்.

நாற்றங்கால் | மே 7
கிளுவை எல்லா மண்ணுக்கும் ஆகாது. செம்மண், சரளை, ஓடைக்கல் மேடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு நடலாம். தண்ணீர் நிற்கும் களி மண்ணில் அடி கறுத்து அழுகிவிடும். வாய்க்கால் பக்கம் கசிவு இருக்கும் என்பதால் தெற்கே கிளுவை வேண்டாம்.

தெற்குக்கு நொச்சியும் ஆடாதோடையும். இரண்டையும் ஆடு சீண்டாது. நொச்சி ஒரு அடித் துண்டு, விரல் தடிமன், மூன்று கணுவாவது மண்ணுக்குள், ஒன்றரை அடிக்கு ஒன்று. இடையிடையே ஆடாதோடை. ஆண்டுக்கு இரண்டு முறை இடுப்பளவுக்கு வெட்டினால் அடியிலிருந்து அடர்ந்து வரும். வெட்டிய தழை முழுவதும் தென்னைப் பாத்திக்கு மூடாக்கு. சேமித்த பயறில் வண்டு வராமலிருக்கக் காய்ந்த நொச்சி இலையைக் கலந்து வைப்பது ஊரறிந்தது.

வாய்க்கால் கரை உங்களுடையது அல்ல. புறம்போக்கில் நடாதீர்கள், வேர் கரையைப் பிளந்தால் வீண் வம்பு. உங்கள் எல்லையிலிருந்து 3 அடி உள்ளே தள்ளி நடுங்கள்.

சித்தூர்_பனை | மே 8
மேற்குப் பக்கத்தை யாரும் தொடவில்லை. கணவாய்க் காற்றோடு குடித்தனம் நடத்துகிற எங்களைக் கேளுங்கள்.

கோபாலபுரம் பாலக்காட்டுக் கணவாயின் வாயிலேயே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலை இடுக்கில் நெருக்கப்பட்டு வேகம் பிடித்து உங்கள் தோப்பில் வந்து விழுகிறது. அதற்குக் குறுக்கே மதில் கட்டினால் காற்று மேலேறி அடுத்த பக்கம் சுழன்று குப்புற இறங்கும். மதிலுக்குப் பின்னால் வாழை சாய்வது இப்படித்தான். பாதிக்குப் பாதி காற்றை வடித்து விடுகிற வேலிதான் வேண்டும். சுழற்சி வராது, வேகம் மட்டும் குறையும்.

கணக்கு: வேலி உயரத்தின் 10 மடங்கு தூரம் வரை நல்ல காப்பு, 20 மடங்கு வரை ஓரளவு. 15 அடி வேலி என்றால் 150 அடி. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: 50 அடித் தென்னையின் தலையை இந்த வேலி காப்பாற்றாது. கீழே ஊடுபயிராக வாழை, கோகோ, காய்கறி வைத்திருந்தால் அதற்கும், இளங்கன்றுக்கும், மண் ஈரம் பறிபோகாமல் இருப்பதற்கும்தான் பயன்.

இரண்டு வரிசை வையுங்கள். வெளியே களாக்காயும் கொடுக்காப்புளியும் 3 அடிக்கு ஒன்று, விதையிலிருந்து. உள்ளே 4 அடி தள்ளி சீமைக்கொன்னை, உங்கள் பக்கம் கிளரிசிடியா, 3 அடிக்கு ஒரு போத்து. இரண்டுக்கும் நடுவே 10 அடிக்கு ஒரு பனங்கொட்டை. ஒரே ஒரு சந்து விட்டாலும் காற்று அங்கே இரட்டிப்பாகப் பாயும். அதனால் வண்டிப் பாதையை மேற்கில் வைக்காதீர்கள்.

கோபாலபுரம்_தோப்பு | மே 8
பனை காய்க்கறதுக்குள்ள நான் கிழவன் ஆயிடுவேன்.

சித்தூர்_பனை | மே 8
பனை வைப்பது காய்க்காக என்று யார் சொன்னது? பாலக்காட்டுச் சித்தூர், கொல்லங்கோடு வயல் வரப்பில் நிற்பதெல்லாம் எல்லைக்கும் காற்றுக்கும்தான். 15 ஆண்டுக்கு மேல் ஆகும் காய்க்க, ஆனால் ஓலை மட்டை அதற்கு முன்பே தரையிலிருந்து விரிந்து வேலியாகிவிடும். ஆவணியில் பழக்கொட்டை பொறுக்கி ஒரு அடி ஆழத்தில் புதையுங்கள். முளை முதலில் கீழே இறங்கும். மேலே மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது, 'செத்துவிட்டது' என்று தோண்டிப் பார்க்காதீர்கள். நெட்டையாகிவிட்டால் தூக்கணாங்குருவி, பனை உழவாரன் இரண்டும் குடியேறும். தமிழ்நாட்டுப் பக்கம் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். எனவே டிராக்டர் திரும்பும் இடத்தில் கொட்டையைப் போட்டுவிட்டுப் பிறகு புலம்பாதீர்கள்.

நாற்றங்கால் | மே 9
கிளரிசிடியா பற்றி ஒரு குறிப்பு. அது வேலி அல்ல, உரக்கிடங்கு. முள் இல்லை, எந்த மாடும் தள்ளிக்கொண்டு வரும். ஆனால் இரண்டாம் ஆண்டு முதல் செடிக்கு ஆண்டுக்கு 5 முதல் 10 கிலோ பச்சைத்தழை. 200 செடியில் குறைந்தது 1,000 கிலோ. மரத்துக்கு 50 கிலோ போட்டால் 20 மரத்துக்கு ஆயிற்று. மார்பளவில் வெட்டுங்கள், பூக்க விடாதீர்கள். பூத்து முற்றினால் இலை கொட்டித் தண்டு மரக்கும்.

கல்யாண முருங்கையை யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்கிறேன்: வேண்டாம். 2005 வாக்கில் கேரளத்தில் வந்த குளவி இலையிலும் தண்டிலும் முடிச்சு முடிச்சாகப் புடைக்க வைத்து, மிளகுக்கொடி ஏறிய கல்யாண முருங்கையை எல்லாம் காலி செய்தது.

பூச்சிநோட்டு | மே 11
செம்பருத்தி வேலியும் காட்டாமணக்கு வேலியும் யோசிப்பவர்களுக்கு: 2008இல் கோவையில் தெரியவந்த பப்பாளி மாவுப்பூச்சி இந்த இரண்டு செடியிலும் ஏறி உட்கார்ந்து கொண்டுதான் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தாவியது. 2010இல் அதன் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டு வந்து விட்ட பிறகே அடங்கியது. பருத்தி போடுபவர்கள் எல்லையில் பூவரசு வைத்தால் சிவப்புப் பருத்திப் பூச்சிக்கு ஆண்டு முழுவதும் வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

மறுபக்கமும் உண்டு. 2016இல் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் முதலில் கண்ட தென்னைச் சுருள் வெள்ளை ஈயைக் கட்டுக்குள் வைப்பது பெரும்பாலும் என்கார்சியா என்ற சிறு ஒட்டுண்ணிதான். அதற்கும் பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி இவற்றுக்கும் தேன், மகரந்தம், மருந்து படாத ஒதுக்கிடம் தேவை. வேலி அந்த ஒதுக்கிடம். ஆகவே மருந்து அடிக்கும்போது வேலியோரம் ஒரு வரிசை மரத்தை விட்டுவிடுங்கள். களைக்கொல்லியை வேலி அடியில் அடிக்கவே கூடாது. சுத்தமாகத் தெரியட்டும் என்று வேலிக்கு அடியில் கிளைபோசேட் அடிப்பவர்கள்தான் இரண்டு ஆண்டில் 'வேலி அடி காலியாகிவிட்டது' என்று எழுதுகிறார்கள்.

கோபாலபுரம்_தோப்பு | மே 11
பாம்பைப் பத்தி யாரும் வாய் திறக்கலை.

பூச்சிநோட்டு | மே 12
பாம்பு வேலிக்காக வருவதில்லை, எலிக்காக வருகிறது. தேங்காய் மட்டைக் குவியல், ஓலைப்போர், கற்குவியல், பழைய செங்கல் இவைதான் விரியன் பதுங்கும் இடம். வீடு, மோட்டார் அறை, பால் கறக்கும் இடம் இவற்றிலிருந்து 50 அடிக்குள் வேலி அடியைக் கூட்டிச் சுத்தமாக வையுங்கள். மிச்சத்தை விடுங்கள். அங்கே சாரையும் கீரியும் செம்போத்தும் இருந்தால் எலி குறையும். தென்னையில் குரும்பையை ஓட்டை போடுவது எலி என்பதை நினைவில் வையுங்கள்.

அடி அடர்ந்த பழைய கிளுவை வேலியில் முள்ளெலி இருக்கலாம். பகலில் வளையில் சுருண்டு கிடக்கும், இரவில் வண்டும் கரையானும் தின்னும். கக்குவான் இருமலுக்கு மருந்து என்று அதைப் பிடித்து முள்ளைச் சுடுகிறார்கள். கக்குவானுக்குத் தடுப்பூசி அரசு மருத்துவமனையிலேயே இலவசம்.

தானாக ஏறும் கொடிகளை அறுக்காதீர்கள். வேலிப்பருத்தியில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி முட்டை வைக்கும். ஆதொண்டை, கோவை, பிரண்டை, முடக்கத்தான் நான்கும் வேலியின் சந்தை அடைக்கும், மூன்றைச் சமைக்கவும் செய்யலாம். குன்றிமணி ஏறினால் மட்டும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பாருங்கள்.

மேட்டுக்காடு | மே 12
நாலையுமே சமைக்கலாம், ஆதொண்டைக் காய் வத்தல் சாப்பிட்டதில்லையா?

பூச்சிநோட்டு | மே 12
நான்கு.

சித்தூர்_பனை | மே 13
மயில்: தென்னையை மயில் என்ன செய்யும்? நிலக்கடலை, மிளகாய், நெல் நாற்று போட்டவர் கவலைப்பட வேண்டிய விஷயம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை, முட்டையைத் தொட்டாலும் குற்றம். எங்கள் பக்கம் சூலனூரில் மயிலுக்கென்றே சரணாலயம் இருக்கிறது. சரணாலயத்து மயிலுக்கு எல்லை தெரியாது, அது வேறு.

பன்றி: கிளுவை மட்டும் வைத்துப் பன்றியை நிறுத்த முடியாது. அது மூக்கால் அடியைத் தோண்டும். வேலிக்கு வெளியே 2 அடி ஆழ அகழி, அந்த மண்ணை உள்பக்கம் வரப்பாக ஏற்றி, வரப்பின் மேல் ரயில் கற்றாழை 2 அடிக்கு ஒன்று. இது தாமதப்படுத்தும், முழுக்கத் தடுக்காது. வீட்டு மின்சாரத்தை வேலிக்குக் கொடுப்பவர் ஆளைக் கொல்வார், ஜெயிலுக்கும் போவார். சூரிய மின்வேலி என்றால் தமிழ்நாட்டில் 2023 விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும்.

மேட்டுக்காடு | மே 13
சூரிய வேலி போடறதா இருந்தா உயிர்வேலியில இருந்து 4 அடி உள்ள தள்ளிப் போடுங்க. ஒரு கோவைக்கொடி நுனி கம்பியைத் தொட்டா போதும், அதிர்வு மண்ணுக்கு இறங்கிடும். பேட்டரி தீந்ததுன்னு கடைக்காரரைத் திட்டுவோம்.

வைக்கவே கூடாதது: சீமைக்கருவேல் (மாடு காயைத் தின்னு சாணியில விதைக்கும், தோப்பு முழுக்க முளைக்கும்), உண்ணிச்செடி. திருகுகள்ளி ஆட்டுக்கு நல்ல தடுப்பு, ஆனா பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. வெட்டறவங்க கண்ணாடி போடணும், பட்டா நிறையத் தண்ணி ஊத்திக் கழுவிட்டு உடனே கண் டாக்டர்கிட்ட ஓடணும். பள்ளிக்கூடத் தடத்தோரம் வேண்டாம்.

நாற்றங்கால் | மே 14
வைக்கக் கூடாத பட்டியலில் சப்பாத்திக்கள்ளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1795இல் சாயப்பூச்சி என்று நம்பிக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் தப்பான பூச்சியைக் கொண்டு வந்தார்கள், அது ஒரு வகைக் கள்ளியைத் தின்றது. மிச்ச வகையை ஒழிக்க 1926இல் வேறொரு பூச்சியை வேண்டுமென்றே விட்டார்கள். இன்றும் கள்ளி மேல் வெள்ளைப் பஞ்சாகத் தெரிவது அந்தப் பரம்பரை. அதை நம்பி எல்லை வைக்க முடியாது.

மேட்டுக்காடு | மே 14
வெள்ளைக்காரன்னதும் ஞாபகம் வருது. உப்பு வரிக்காக வட இந்தியாவுல நூத்துக்கணக்கான மைலுக்கு முள்வேலி வளத்தாங்க. இலந்தை, கருவேல், களா, சப்பாத்தி, கள்ளி, இடத்துக்கு ஏத்த செடி. நல்லா வளந்த இடத்துல 12 அடி உயரம். 1867ல இருந்து 1870 வரைக்கும் அதைக் கவனிச்ச அதிகாரி ஹ்யூம், பின்னாடி காங்கிரசை ஆரம்பிச்சவர், பறவை ஆராய்ச்சிக்காரரும்கூட. 1879ல வரித்தடத்தையே எடுத்துட்டாங்க, வேலியும் போச்சு. அங்க வேலியைக் கெடுத்ததும் கரையான், தீ, புயல், ஒட்டுக்கொடிதான். அதே நாலுதான் இங்கயும்.

கரையானுக்கு: காஞ்ச போத்தை வரிசையிலயே விடாதீங்க, பிடுங்குங்க. தீக்கு: வேலியோரம் தென்னை ஓலை அடுக்கற பழக்கத்தை நிறுத்துங்க. கிளுவைல பிசின் இருக்கு, இட்டேரில போறவன் வீசற ஒரு பீடி போதும். அழுகின தென்னந்தண்டும் எருக்குழியும் வேலியோரம் இருந்தா காண்டாமிருக வண்டும் அங்கதான் பெருகும்.

ஒட்டுக்கொடின்னா கொத்தானும் அம்மையார் கூந்தலும். மஞ்சள் நூல் மாதிரி தெரிஞ்ச அன்னிக்கே, அது பிடிச்ச கிளையையும் சேர்த்து வெட்டி எரிங்க. நூலை மட்டும் உருவிப் போட்டா விழுந்த துண்டு மறுபடி பிடிக்கும்.

கோபாலபுரம்_தோப்பு | ஜூன் 2
வடக்குல போத்து நட்டாச்சு. மத்த பக்கம் இனிமேத்தான். கிழக்குப் பக்கத்துக்காரர் என் எல்லைக்கல் 2 அடி தள்ளி இருக்குங்கறார்.

நாற்றங்கால் | ஜூன் 2
கிழக்கில் ஒரு குச்சி கூட நடாதீர்கள். புலப்படம் எடுத்து, சர்வேயர் அளந்து, கல் நட்ட பிறகு நடுங்கள். வேலி மரமானால் அதுவே எல்லை என்று அடுத்த தலைமுறை வழக்காடும். அளந்த பிறகும் கல்லைச் சுற்றி 3 அடி வெறுமையாக விடுங்கள். பக்கத்துத் தென்னை அடியிலிருந்து 8 அடி தூரமாவது இருக்க வேண்டும், தென்னையின் உணவு வேர் பெரும்பாலும் 6 அடிக்குள்தான்.

கோபாலபுரம்_தோப்பு | ஜூலை 19
வடக்குல முக்கால்வாசி தளிர் விட்டிருக்கு. வடகிழக்கு மூலையில மட்டும் அடி கறுத்து, பட்டை விரலால உரியுது. சொட்டுநீர்க் குழாயோட கடைசி முனை அங்கதான்.

மேட்டுக்காடு | ஜூலை 19
அது தண்ணி. கிளுவைக்குச் சொட்டுநீர் வேண்டவே வேண்டாம், மழை போதும். குழாய் முனையைத் தென்னைப் பக்கம் திருப்புங்க. கறுத்ததைப் பிடுங்கிட்டு அங்க நொச்சி வைங்க. பட்டையை நகத்தால கீறிப் பார்த்து உள்ள பச்சையா இருக்கறது இலை விடலைன்னாலும் பிழைச்சிருக்கு, ஐப்பசி வரைக்கும் விடுங்க.

பூச்சிநோட்டு | ஜூலை 21
கவாத்துதான் மிச்சம். எல்லோரும் தப்பு செய்யும் இடம் இது. இரண்டாம் ஆண்டு பங்குனியில், 'இப்பத்தானே வளர்ந்தது' என்று பாவம் பார்க்காமல் இடுப்பளவுக்கு வெட்டுங்கள். வெட்டாமல் விட்டால் எல்லாக் கிளையும் மேலே ஓடி நிழல் போட்டு, அடி மொட்டையாகும். ஆடும் பன்றியும் வருவது அடியில்தான். அடி அகலம், தலை குறுகல் என்று சாய்வாக வெட்டினால் கீழிலைக்கும் வெயில் கிடைக்கும். எல்லாப் பக்கத்தையும் ஒரே ஆண்டில் வெட்டாதீர்கள். முறை வைத்து வெட்டினால் கூடு கட்டவும் பழம் தின்னவும் குருவிக்கு எப்போதும் ஒரு பக்கம் மிஞ்சும்.

மேட்டுக்காடு | ஜூலை 21
பங்குனி சரி, ஆனா வெட்டறதுக்கு முன்னாடி உள்ள கூடு இருக்கான்னு ஒரு நடை பார்த்துடுங்க. கூடு இருக்கற பத்தடியை விட்டுட்டு மிச்சத்தை வெட்டுங்க. ஏற்கனவே அடி மொட்டையான வேலின்னா, பாதித் தண்டை அடிக்கு மேல ஒரு சாண்ல முக்கால் வெட்டு வெட்டி, உடைஞ்சு போகாம மெதுவா பக்கவாட்டுல சாய்ச்சுக் கட்டுங்க. சாய்ச்ச தண்டு முழுக்க நட்டுக்குத்தா துளிர் வரும். கிளரிசிடியாவுல நல்லா வரும், காஞ்ச கிளுவைல பட்டுனு ஒடிஞ்சிடும், மழை விழுந்து பதமா இருக்கறப்ப செய்யுங்க.

கோபாலபுரம்_தோப்பு | அக்டோபர் 27
மேற்கே ரெண்டு வரிசையும் வச்சாச்சு, பனங்கொட்டையும் போட்டாச்சு, தோண்டிப் பார்க்கலை. கிழக்கு அளவை இன்னும் வரலை, அங்க மட்டும் கம்பி. இப்ப ஒரே கேள்வி: கடவு எங்க விடறது, எத்தனை அடி?

நாற்றங்கால் | அக்டோபர் 27
தேங்காய் லாரி உள்ளே வருமா, டிராக்டர் மட்டும்தானா?

கோபாலபுரம்_தோப்பு | அக்டோபர் 27
லாரி வரும்.

மேட்டுக்காடு | அக்டோபர் 28
அப்ப 14 அடி, வடகிழக்கு மூலையில, அந்தக் கறுத்துப்போன இடத்துலயே விட்டுடுங்க. எப்படியும் அங்க கிளுவை நிக்காது. கதவுக் கீலை உயிர்மரத்துல அடிக்காதீங்க. மரம் பருத்தா கதவு சாயும், மூடாது. ரெண்டு பக்கமும் கல்தூண், ரெண்டரை அடி மண்ணுக்குள்ள. கதவு வர்ற வரைக்கும் மூங்கில் படல் கட்டிக்குங்க. படலுக்கு அடியில நாலு விரல் சந்து கூட விடாதீங்க, ஆட்டுக்குட்டி அது வழியாத்தான் வரும்.